உயிர்மீனோடு திரும்பிய இரண்டு படகுகள்: ஒரு பழைய வழக்கும் நம் கரையும்

தடைக்காலம் வந்தால் தங்கச்சிமடத்தில் வலைக் கொட்டகைகள் நிறைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஒரு பக்கம் மரவேலை, வர்ணம், எஞ்சின் வேலை நடக்கும். இன்னொரு பக்கம் பேச்சு நடக்கும். நான் பிறந்தது பாம்பனில், வழக்கறிஞர் தொழில் ராமநாதபுரத்தில். அப்படி ஒரு தடைக்கால மதியத்தில் என் சித்தி கேட்ட கேள்விதான் இந்த ஆய்வுக்குக் காரணம்.

சித்தப்பா அதற்கு முந்தைய வருடம் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். பிடிபட்ட செய்தி வீட்டுக்கு வந்ததே ஒரு போட்டோவாகத்தான். யாரோ செல்போனில் அனுப்பியது. துறைமுகத்தில் வரிசையாகக் குந்தியிருக்கும் ஆட்களில் மூன்றாவது ஆள் அவர். நலமாக இருக்கிறேன் என்று அவரே சொன்ன ஒரு சொல் வீட்டுக்கு வர ரொம்ப நாள் ஆனது.

"ஏன் மகளே, யுத்தத்துல பிடிபட்டவனுக்குக்கூட வீட்டுக்குக் கடுதாசி போட உரிமை இருக்குன்னு சொல்றாக. நம்ம ஆளுகளையும் யுத்தக் கைதின்னு எழுதிக்கிட்டா என்ன?"

கேள்வி நியாயமானது. யுத்தக் கைதிக்கு அந்த உரிமை இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரை மீனவன் கேட்டு வாங்கக் கூடாது. ஏன் என்பதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, 1898-ல், அப்போது ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் கடலில், அமெரிக்கக் கடற்படையிடம் பிடிபட்ட இரண்டு மீன்பிடிப் படகுகளின் வழக்கைச் சொல்வதுதான். அன்று கொட்டகையில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

படகுகள் பிடிபட்ட கதை

முதல் படகின் பெயர் பக்கேத்தே ஹபானா. பாய்மரப் படகு, அடிமரம் 43 அடி, 25 டன். தண்டலையும் (படகை நடத்துகிறவர்) சேர்த்து மூன்றே பேர். 1898 மார்ச் 25-ல் ஹவானாவிலிருந்து புறப்பட்டு, கியூபாவின் மேற்கு முனையில் இருக்கும் சான் அந்தோனியோ முனைக்குப் போய், பார்களுக்கு (கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு) நடுவே 25 நாள் மீன் பிடித்தார்கள். சுமார் 40 குவிண்டால் உயிர்மீனோடு ஊருக்குத் திரும்பினார்கள். (அந்தக் காலத்து ஸ்பானியக் குவிண்டால் நம் குவிண்டாலில் பாதிகூட இல்லை.) ஹவானாவுக்கு இன்னும் 11 மைல் இருக்கும்போது, ஏப்ரல் 25-ல், காஸ்டீன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அவர்களைப் பிடித்தது.

இரண்டாவது படகு லோலா. 51 அடி, 35 டன், ஆறு பேர். ஏப்ரல் 11-ல் புறப்பட்டு மெக்சிகோவின் யுகடான் கரை வரை போய், எட்டு நாள் பாடு பார்த்து, சுமார் 10,000 பவுண்டு உயிர்மீனோடு திரும்பியது. ஏப்ரல் 26-ல் ஹவானாவுக்கு அருகே சின்சினாட்டி என்ற அமெரிக்கக் கப்பல் அதை நிறுத்தியது. "ஹவானாவுக்குள் போகாதே, பாகியா ஹோண்டா துறைக்குப் போனால் கரையேற விடுவார்கள்" என்று சொல்லி அனுப்பியது. லோலா சொன்ன பேச்சைக் கேட்டுத் திசையை மாற்றியது. மறுநாள் காலை அந்தத் துறையை நெருங்கும்போது டால்ஃபின் என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பல் வந்து பிடித்துவிட்டது.

இதைச் சொன்னபோது கொட்டகையில் ஒரு பெரியவர், "ஒருத்தன் போன்னு சொல்லுவான், அடுத்தவன் பிடிப்பான், அது எல்லாக் கடல்லயும் உண்டு" என்றார்.

அந்த ஒன்பது பேரிடமும் ஆயுதம் கிடையாது. அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டதோ, ஹவானாவைக் கடற்படை முற்றுகை போட்டதோ, வழிமறிக்கும் வரை அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கடலுக்குப் போனபோது போரே இல்லை. தப்பி ஓடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. இன்னொரு விவரம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே பிடிபடும். படகு அவர்களுடையது இல்லை. பிடித்த மீனில் மூன்றில் இரண்டு பங்கு தண்டலுக்கும் ஆட்களுக்கும், ஒரு பங்கு ஹவானாவில் இருந்த ஸ்பானிய முதலாளிக்கு. அதாவது பங்குத் தொழில். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் கணக்கு வேறு மாதிரி இருக்கும், முறை அதேதான். படகு போனால் முதலாளிக்கு ஒரு நஷ்டம், ஆட்களுக்கு ஒரு மாதப் பாடே போச்சு.

இரண்டு படகையும் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடற்போரில் பிடித்த எதிரிக் கப்பலைப் பறிமுதல் செய்து ஏலம் விடுவது அன்றைய சட்டம். ஏலப் பணத்தில் ஒரு பகுதி பிடித்த கப்பலின் மாலுமிகளுக்கே போகும். அந்த வழக்கத்தை அமெரிக்கா 1899-ல்தான் நிறுத்தியது. பிடிக்கிறவனுக்கு லாபம் இருந்தால் எதைப் பிடிக்கலாம், எதை விடலாம் என்ற யோசனை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ்க்கோர்ட்டு நீதிபதி, மீன்பிடிப் படகைப் பிடிக்கக் கூடாது என்று எழுதிய சட்டமோ ஒப்பந்தமோ அறிவிப்போ எதுவும் இல்லாதபோது விலக்குத் தர முடியாது என்று தீர்ப்பெழுதினார். பக்கேத்தே ஹபானா 490 டாலருக்கும் லோலா 800 டாலருக்கும் ஏலம் போயின.

தளபதியின் தந்தி

வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இது. லோலா பிடிபட்ட மறுநாளே, ஏப்ரல் 28-ல், அந்தக் கடற்படைப் பிரிவின் தளபதி வில்லியம் சாம்ப்சன் வாஷிங்டனுக்கு ஒரு தந்தி அடித்தார். ஹவானாவுக்குள் நுழையப் பார்க்கும் மீன்பிடிப் படகுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் தேர்ந்த கடலோடிகள். ஸ்பானியக் கடற்படைப் பதிவேட்டில் பேர் இருப்பவர்கள். ஏற்கெனவே கடற்படையில் வேலை செய்தவர்கள். மறுபடியும் கூப்பிட்டால் பீரங்கி இயக்கப் போய்விடுவார்கள். ஆகவே அவர்களை யுத்தக் கைதிகளாகப் பிடித்து வைக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார்.

இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். அந்த மீனவர்கள் இந்தப் போரில் என்ன செய்தார்கள் என்று தந்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவர்களுக்குக் கடல் தெரியும் என்பதே அவர்கள்மேல் உள்ள குற்றமாகிவிட்டது. நீரோட்டம், பார், காற்று, இரவில் நட்சத்திரம் பார்த்துக் கரை சேரும் வழி, இதெல்லாம் தெரிந்த ஆள் எதிரிக்குப் பயன்படுவான், அதனால் அவனும் எதிரி என்பது தளபதியின் கணக்கு. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் நம் கரைக்காரர்கள் இந்தச் சந்தேகத்தை நன்றாகவே பார்த்தார்கள். டீசல் கடத்துகிறவனாக இருக்கலாம், ஆள் ஏற்றுகிறவனாக இருக்கலாம் என்று ஒவ்வொரு படகும் சந்தேகப் படகு ஆனது. சுடப்பட்டுத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

கடற்படைச் செயலர் ஜான் லாங் ஏப்ரல் 30-ல் பதில் அனுப்பினார். முற்றுகையை மீற முயலும் மீன்பிடிப் படகைப் பிடிக்கலாம். எதிரிக்கு உதவக்கூடும் என்று கருதப்படும் படகையும் ஆட்களையும் தடுத்து வைக்கலாம் என்றார். தளபதி எல்லாரையும் கேட்டார். செயலரோ சிலரை மட்டும் அனுமதித்தார். இந்த இடைவெளியைத்தான் உச்ச நீதிமன்றம் பின்னால் பிடித்துக்கொண்டது.

தீர்ப்பு

1900 ஜனவரி 8. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி ஹோரஸ் கிரே. சர்வதேசச் சட்டம் எங்கள் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி, ஒப்பந்தமோ உள்நாட்டுச் சட்டமோ இல்லாத இடத்தில் நாடுகளின் நீண்ட நாள் வழக்கத்தைப் பார்த்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார். எழுதிய விதி எங்கே என்று கீழ்க்கோர்ட்டு கேட்டதற்கு இதுதான் பதில்.

அந்த வழக்கத்தைக் காட்ட அவர் சுமார் 500 வருடம் பின்னால் போனார். இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி 1403-லும் 1406-லும் மீனவர்களைத் தொடக் கூடாது என்று தன் கடற்படைத் தலைவர்களுக்கு ஆணையிட்டார். 1521-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸும் பிரான்சின் முதலாம் பிரான்சிஸும் போருக்கு நடுவிலேயே ஹெர்ரிங் மீன் பருவத்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1779-ல் பதினாறாம் லூயி, மீன்பிடிப்பைத் தவிர வேறு பிழைப்பில்லாத தன் மக்களை மனதில் வைத்து, ஆங்கிலேய மீனவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதினார். 1894-ல் சீனாவோடு போர் வந்தபோது ஜப்பானும் கரையோர மீன்பிடிப் படகுகளுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த ஜப்பானை "நாகரிக நாடுகளின் வரிசையில் கடைசியாகச் சேர்ந்த நாடு" என்று தீர்ப்பு குறிப்பிடுவது என்னை உறுத்தும். மீனவனைத் தொடாமல் விடும் பண்பு எந்த நாடும் சான்றிதழ் வாங்கிப் பழகிய பண்பு இல்லை.

விலக்கு யாருக்கு என்பதில் கிரே கவனமாக இருந்தார். கரையோரமாக, தன் பிழைப்புக்காக மீன் பிடித்து, பச்சை மீனாகச் சந்தைக்குக் கொண்டுவரும் ஏழை மீனவனுக்கு. ஆழ்கடலில் திமிங்கிலமும் காட் மீனும் பிடித்து, உப்புப் போட்டுப் பதப்படுத்திக் கொண்டுவரும் பெரிய கப்பல்களுக்குக் கிடையாது. நம் ஊரில் கருவாடு போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். சட்டம் உப்பை மட்டும் பார்க்கவில்லை, அது ஆழ்கடலில் நடக்கும் பெரிய வணிகமா என்பதைப் பார்க்கிறது. பிடித்த மீனை உயிரோடு வைத்து உயிரோடு விற்றவர்கள் இந்த இரண்டு படகுக்காரர்கள் என்பது அவர்களுக்குச் சாதகமாக நின்றது. போரில் உதவி செய்தாலோ, உளவு சொன்னாலோ, ராணுவத் தேவை கட்டாயப்படுத்தினாலோ விலக்கு போய்விடும் என்றும் சொன்னார். இங்கே அப்படி எதுவும் இல்லை. படகுகளைப் பிடித்தது செல்லாது, ஏலப் பணத்தை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, நஷ்ட ஈடும் செலவும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

மறுத்த மூன்று பேருக்காகத் தலைமை நீதிபதி மெல்வில் ஃபுல்லர் எழுதினார். ஹார்லனும் மெக்கென்னாவும் சேர்ந்துகொண்டார்கள். விலக்கு என்பது அரசு பார்த்துக் காட்டும் கருணை, மீனவன் கோர்ட்டில் கேட்டு வாங்கும் உரிமை கிடையாது என்றார்கள். 25 டன், 35 டன் படகில் யுகடான் வரை போய் வருகிறவன் எப்படிக் கரையோர ஏழை மீனவன் ஆவான் என்றும் கேட்டார்கள். முதல் வாதத்தை நான் ஏற்கவில்லை. இரண்டாவது வாதம் தூக்கிப் போடக்கூடியது இல்லை; அது நம் கரைக்கும் பொருந்துகிற கேள்வி.

அப்புறம் வந்த விதிகள்

ஏழு வருடத்தில் வழக்கம் எழுத்தாகவும் ஆனது. 1907 அக்டோபர் 18-ல் ஹேக் நகரில் கையெழுத்தான 11-ஆம் உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு, கரையோர மீன்பிடிப்புக்கு மட்டுமே பயன்படும் படகுகளையும் அவற்றின் வலை, தளவாடம், மீன் எல்லாவற்றையும் போரில் பிடிக்கக் கூடாது என்கிறது. சண்டையில் எந்த விதத்திலாவது பங்கெடுத்தால் விலக்கு உடனே போய்விடும். அந்தப் பிரிவில் இன்னொரு வரி உண்டு. மீன்பிடிப் படகின் அப்பாவித் தோற்றத்தை வைத்துக்கொண்டு அரசுகளே அதை ராணுவ வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில் இருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டுக் கரையேறினார்கள். மீன்பிடிப் படகு வேஷம் போட்டால் முதலில் சாகிறவன் மீனவன். அதன் பிறகு எல்லாக் கடற்கரையிலும் சந்தேகப்படப்பட்டவனும் அவன்தான்.

கடற்போர் விதிகளைத் தொகுத்த 1994-ன் சான் ரெமோ கையேடும் கரையோரச் சிறு மீன்பிடிப் படகுகளைத் தாக்கவோ பிடிக்கவோ கூடாது என்கிறது. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், சோதனைக்கு இடம் கொடுக்க வேண்டும், சண்டைக் கப்பலின் வழியை மறிக்கக் கூடாது. மீனவனிடம் முக்கியமாகக் கேட்பது இவைதான்.

சரி, யுத்தக் கைதி யார்? 1949-ன் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. முக்கியமாகப் படைவீரர்கள், படையோடு சேர்ந்து போராடும் சில குழுக்கள். வணிகக் கப்பல் மாலுமிகளும் அதில் வருவார்கள், ஆனால் வேறு சட்டத்தில் இதைவிட நல்ல பாதுகாப்பு அவர்களுக்கு இல்லாவிட்டால் மட்டும். கரையோர மீனவனுக்கு அந்த நல்ல பாதுகாப்பு இருக்கிறது: அவனைப் பிடிக்கவே கூடாது.

யுத்தக் கைதிக்கு உரிமைகள் உண்டு. 13-ஆம் பிரிவின்படி அவனை மனிதனாக நடத்த வேண்டும், அவமானப்படுத்தக் கூடாது, ஊர் வேடிக்கை பார்க்கும்படி காட்டக் கூடாது. 17-ன்படி விசாரணையில் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் இவற்றை மட்டும் சொன்னால் போதும். 70-ஆம் பிரிவின்படி முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுத விட வேண்டும்: பிடிபட்டேன், இங்கே இருக்கிறேன், உடம்பு இப்படி இருக்கிறது. சித்தி கேள்விப்பட்டது இதைத்தான்.

ஆனால் விலையும் உண்டு. யுத்தக் கைதியை எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல், ஜாமீன் இல்லாமல், சண்டை ஓயும் வரை வைத்திருக்கலாம். 118-ஆம் பிரிவு விடுதலை செய்யச் சொல்வது சண்டை முடிந்த பிறகுதான். படைவீரனுக்கு அது நியாயம். அவனை வெளியே விட்டால் மறுபடி துப்பாக்கி எடுப்பான், அவன் சண்டை போட்டதும் குற்றமில்லை. மீனவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் அவன் எதிரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சாம்ப்சன் அனுப்பிய தந்தியும் இதைத்தான் கேட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சித்தி, "அப்ப அந்தப் பேரு வேணாம். கடுதாசி மட்டும் வேணும்" என்றார்.

பாக் கடலில் எது பொருந்தும்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போர் இல்லை. ஆகவே ஜெனீவாவும் ஹேக்கும் இன்றைய கைதுகளுக்கு நேராகப் பொருந்தாது. அங்கே பாய்வது 1979-ல் இலங்கை கொண்டுவந்த வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குச் சட்டம். 2018-ல் அபராதம் பல மடங்கு ஏறியது. ஆட்கள் வீடு வந்தாலும் படகு வருவது அரிதாகிவிட்டது. பிடித்த படகுகளை 2022 பிப்ரவரியில் ஏலமும் விட்டார்கள். கீ வெஸ்ட் ஏலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாதம் ராமேஸ்வரத்தில் இருந்த முகங்கள் நினைவுக்கு வரும்.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். பிணைத் தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவாக விட வேண்டும், மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறை கூடாது என்கிறது அது. நல்ல விதி. ஆனால் அது தனிப் பொருளாதார மண்டலத்துக்கு (ஒரு நாட்டின் எல்லைக் கடலைத் தாண்டி, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள கடலுக்கு) உரியது. இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லைக்காகப் போட்ட 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு, பாக் நீரிணையிலும் பாக் குடாவிலும் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள நீர் முழுவதையும் இலங்கையின் இறையாண்மைக்குள் வைத்துவிட்டது. 73-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் நிற்காது. இதை மேடையில் சொல்கிறவர்கள் மீனவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

நமக்கு உறுதியாக இருப்பது 1963-ன் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை. அதன் 36-ஆம் பிரிவின்படி, பிடிபட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், அவர் எழுதும் கடிதத்தையும் தாமதமில்லாமல் சேர்க்க வேண்டும். இந்த உரிமை இருக்கிறது என்று பிடித்தவர்களே அவருக்குச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் 2010-லிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் அவ்வளவு பகைக்கு நடுவிலும் 2008 ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் தங்களிடம் உள்ள கைதிகள், மீனவர்கள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. பாக் கடலின் இரண்டு கரைக்கும் அப்படி ஒரு நாள் குறித்த பட்டியல் ஏன் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கரையோர ஏழை மீனவன் யார் என்ற ஃபுல்லரின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். வழக்கின் நெஞ்சு கரையோர ஏழை மீனவன் மேல் இருக்கிறது. பாக் கடலில் அவன் யார்? ஓலைக்குடாவில் நாட்டுப்படகு வைத்திருப்பவன். தேவிபட்டினத்தில் வத்தையில் நண்டு வலை போடுகிறவன். அக்கரையில் நெடுந்தீவிலும் பேசாலையிலும் போர் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கியவனும் அவன்தான். நம் விசைப்படகுகளின் இழுவை மடி (கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை) அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிற இரவில், சட்டம் நெஞ்சில் வைத்திருக்கும் ஆள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். இலங்கை 2017-ல் இழுவை மடியைத் தன் கடலில் தடை செய்தது. இதைச் சொன்னால் கொட்டகையில் சிலருக்குக் கோபம் வரும், வந்தது. ஆனால் சித்தப்பா கோபப்படவில்லை. சிறையில் தனக்குச் சோறு வாங்கிக் கொடுத்தவர் வலை அறுபட்ட ஒரு மீனவரின் தம்பி என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

அட்டை

அந்தத் தடைக்காலம் முடிவதற்குள் ஒரு வேலை செய்தோம். 70-ஆம் பிரிவின் அட்டையை அப்படியே மாதிரியாக எடுத்துக்கொண்டோம். போர் நடக்கும்போது பிடித்து வைக்கப்படும் பொதுமக்களுக்கும் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 106-ஆம் பிரிவு அதே அட்டையைத் தருகிறது. போர்க்காலத்தில் எதிரிக்கே கொடுக்கும் மரியாதையை, போர் இல்லாத கடலில் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுப்பது யாருக்கும் கஷ்டமாக இருக்கக் கூடாது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, படகுப் பதிவு எண், பிடிபட்ட நாளும் இடமும், இப்போது இருக்கும் இடம், உடல்நிலை, சாப்பிட வேண்டிய மருந்து, வீட்டு போன் நம்பர். பின்பக்கத்தில் வியன்னா 36-ஐச் சொல்லி, துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி. சிங்கள வரியை மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பல வருடமாக இருக்கும் ஒரு அம்மா எழுதிக் கொடுத்தார். எழுதும்போது, தன் அண்ணன் பிடிபட்ட வருடம் இப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அதை முடிக்கவில்லை.

நனையாமல் இருக்க அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜூன் 14 சாயங்காலம் கொடுத்தோம். சித்தப்பாவின் அட்டையைச் சித்திதான் நிரப்பினார். சர்க்கரை மாத்திரையின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். பிடிபட்ட நாள், இருக்கும் இடம், உடல்நிலை ஆகிய மூன்று வரிகளை வெறுமையாக விட்டு, உறையை மூடி, கடலுக்குப் போக வாங்கும் அனுமதி டோக்கன் வைக்கும் டப்பாவுக்குள் வைத்தார்.